பூவைப் பார்த்துப் பெட்டியை வையுங்கள்

கெலாங் பாத்தாவில் புதிதாகத் தேனீ வளர்க்க விரும்புவோருக்காக ஆற்றிய சொற்பொழிவு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தேனீ வளர்ப்பு. பண்ணை வைத்து நூறு கூடு, இருநூறு கூடு என்று நடத்தும் தொழிலைப் பற்றி அல்ல. தாமான் வீட்டின் பின்புறத்திலோ, கம்பத்து வீட்டின் மாமர நிழலிலோ, ஆசைக்கு ஒன்றோ இரண்டோ கூடு வைத்து வளர்ப்பதைப் பற்றி. இந்தக் கூட்டத்துக்கு வரப்போகிறேன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஐயா, ஒரு கூட்டில் எவ்வளவு தேன் கிடைக்கும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் போகமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நான் உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் இருந்து நாலு பக்கமும் ஐந்நூறு மீட்டர் நடந்து பாருங்கள். இந்த மாதம் அங்கே என்ன பூத்திருக்கிறது? எந்த மரம்? எந்தக் கொடி? வேலியோரத்தில் என்ன? கால்வாய்க் கரையில் என்ன?

தெரியாதா? அப்படியானால் இன்னும் கூடு வாங்காதீர்கள். பெட்டியைப் பார்த்துப் பூவைத் தேடாதீர்கள். பூவைப் பார்த்துப் பெட்டியை வையுங்கள். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நாம் நிற்கும் மண் எது? இது ஜொகூரின் கெலாங் பாத்தா. 1998ல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்தது. அதன் பிறகு நெடுஞ்சாலை வந்தது, தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் வந்தது, இஸ்கண்டார் புத்ரி என்று ஒரு நகரமே எழுந்தது. அதற்கு முன்னால் இந்த வட்டாரம் என்னவாக இருந்தது? இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பால்மரம். கண்ணுக்கு எட்டிய தூரம் பால்மரம், ரப்பர் மரம். விடியுமுன்னே விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன கால்கள் இந்த அவையிலேயே இருக்கின்றன.

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்களைக் கேட்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிர் முற்றுகிற நாட்களில் மரத்தடியில் நின்றால் மேலே ஓர் இரைச்சல் கேட்குமே, நினைவிருக்கிறதா? அது தேனீக்களின் இரைச்சல். ரப்பர் பூவுக்காக அவை வரவில்லை. இலைக்காக வந்தன. மூன்று சிற்றிலைகளும் காம்பில் வந்து சேருகிற இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. இளம் இலை முற்றும்போது அவற்றில் இனிப்பு நீர் கசியும். பூவே இல்லாமல் தேன் தரும் மரம் ரப்பர்.

இதைக் கண்டுகொண்டு பிழைத்த ஊர் ஒன்று தமிழகத்தில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம். அங்கே 1920களில் ஒய்எம்சிஏ நடத்திய கிராமச் சீரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இருந்தார். சிறு விவசாயிகளுக்குக் கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் கற்றுக்கொடுத்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் உடல் அளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்திருந்தார். சட்டங்களைத் தூக்கிப் பார்க்கலாம், தேனடையை நசுக்காமல் தேன் எடுக்கலாம். நியூட்டன் பெட்டி என்று இன்றைக்கும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். பெட்டியும் வந்தது, கற்றுக்கொடுக்க ஆளும் வந்தார். ஆனால் மார்த்தாண்டத்தைத் தேன் ஊராக்கியது எது? அந்தப் பகுதியில் பரவிய ரப்பர் தோட்டங்கள். தளிர் முற்றும் பருவத்தில் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ரப்பர் தோட்டங்களில் இறக்கிவைத்தார்கள். பருவம் முடிந்ததும் திரும்ப எடுத்துவந்தார்கள். பூவைப் பார்த்துப் பெட்டியை வைத்த மக்கள் அவர்கள்.

இங்கே? அதே மரம். அதே இலை. அதே தமிழர். மரத்தில் வடிந்த பாலைக் கிண்ணம் கிண்ணமாகச் சேர்த்துக் கொடுத்தோம். இலையில் வடிந்த தேனைப் பற்றி நமக்கு யாரும் சொல்லவில்லை. லயத்து வீட்டில் ஒரு பெட்டி இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் காலையில் ஒரு கரண்டித் தேனாவது சாப்பிட்டுப் பள்ளிக்குப் போயிருப்பார்கள்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சரி, பால்மரம் போனது. அடுத்து வந்தது செம்பனை. செம்பனை தேனீக்கு என்ன கொடுக்கும்? மகரந்தம் கொடுக்கும், ஆண் பாளையில் மகரந்தம் கொட்டிக் கிடக்கும். தேன் கொடுக்காது. மகரந்தம் குஞ்சுக்கு உணவு; அதுவும் வேண்டியதுதான். ஆனால் செம்பனைக்கு நடுவே கூட்டை வைத்துவிட்டுத் தேன் வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

செம்பனையைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் நம் ஜொகூரில் நடந்தது. ஒரு காலத்தில் செம்பனைக் காயைப் பிடிக்க வைப்பதற்கு, மகரந்தத் தூளை முகப்பவுடர் மாவோடு கலந்து பெண் பாளைகளின் மேல் ஆட்கள்தான் ஊதிவிட வேண்டியிருந்தது. பாளை பாளையாக, மரம் மரமாக. 1981ல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் விட்டார்கள். நெல்மணி அளவுகூட இல்லாத வண்டு. அது பெருகிப் பரவியது. கையால் ஊதும் வேலை நின்றே போனது. ஒரு பூவுக்கும் ஒரு பூச்சிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டதால் ஒரு நாட்டின் பொருளாதாரமே அசைந்தது. பூச்சிதானே என்று இனியும் நினைக்க முடியுமா?

இனி, எந்தத் தேனீயை வளர்ப்பது?

இந்தப் பகுதியில் மலைத்தேனீ இருக்கிறது. உயர்ந்த மரக்கிளைகளிலும் கட்டடங்களின் உச்சியிலும் பெரிய ஒற்றை அடையாகக் கட்டும். அதைப் பெட்டியில் அடைத்து வளர்க்க முடியாது. வீட்டுக்கு அருகில் கட்டிவிட்டால் கல் எறியாதீர்கள், தீ வைக்காதீர்கள். பொதுத் தற்காப்புப் படையை அழையுங்கள். அடுத்தது நாட்டுத் தேனீ. மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும். நியூட்டன் பெட்டியில் மார்த்தாண்டத்தார் வளர்த்தது இந்த இனத்தைத்தான். இந்த ஜொகூரிலும் தென்னந்தோப்புக்காரர்கள் குடைந்த தென்னந்துண்டுகளில் இதை வளர்த்திருக்கிறார்கள். நல்ல தேனீ. ஆனால் கொட்டும். உணவு குறைந்தால் கூட்டை விட்டுவிட்டு மொத்தமாக ஓடிவிடும். நோய்க்கும் விலக்கில்லை. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பை நோய் என்கிற வைரஸ் தென்னிந்தியாவில் புகுந்தது. புழுக்கள் நீர் கோத்த பைபோல ஆகிச் செத்தன. கன்னியாகுமரியில் தலைமுறையாகத் தேனீ வளர்த்த குடும்பங்கள் காலிப் பெட்டிகளோடு நின்றன.

அடுத்தது வெளிநாட்டுத் தேனீ, இத்தாலியத் தேனீ என்று சொல்வார்களே, அது. தேன் அதிகம் தரும். ஆனால் பூவும் அதிகம் கேட்கும். வர்ரோவா என்கிற உண்ணியோடு ஓயாமல் போராட வேண்டும். அந்த உண்ணியின் பூர்வீகம் நம் ஆசியாதான். 1904ல் ஜாவாவில் நாட்டுத் தேனீயின் மேல்தான் அதன் உறவு உண்ணியை முதலில் கண்டு எழுதினார்கள். நாட்டுத் தேனீ அதோடு வாழப் பழகியிருந்தது. வெளிநாட்டுத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நம் சுவருக்கும் இடையில் பத்தடி இருக்கிற தாமானில், முதல் முறை வளர்ப்பவருக்கு இது ஏற்றதல்ல என்பதே என் தீர்மானமான கருத்து.

மிஞ்சியிருப்பது எது? கெலுலுட். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுவர் இடுக்கில் கூடு கட்டுமே, கொசுத்தேனீ, அதன் உறவு. கொடுக்கு இல்லை. கோபம் வந்தால் முடிக்குள் புகுந்து கடிக்கும், பிசினை ஒட்டும், அவ்வளவே. மெக்சிகோவின் மாயா மக்கள் இதே வகையைச் சேர்ந்த கொடுக்கில்லாத் தேனீயைக் குடைந்த மரத்துண்டுகளில் பல நூற்றாண்டுகளாக வளர்த்தவர்கள். மலேசியாவில் வீட்டில் அதிகம் வளர்ப்பது இரண்டு வகை. ஒன்று இத்தாமா, கறுப்பாக, சிறியதாக இருக்கும். இன்னொன்று தொராசிகா, அதைவிடப் பெரியது. புதிதாகத் தொடங்குபவர் இத்தாமாவில் தொடங்குங்கள். ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஏன் இரண்டு? ஒன்று மட்டும் இருந்தால் அது நன்றாக இருக்கிறதா, நலிந்திருக்கிறதா என்று உங்களால் சொல்லவே முடியாது. இரண்டு இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை அறியலாம்.

எங்கே வாங்குவது என்பதைவிட எப்படி வந்த கூட்டை வாங்குவது என்பது பெரிய கேள்வி. கெலுலுட் தேனுக்கு நல்ல விலை வந்த ஆண்டுகளில் என்ன நடந்தது? காட்டில் உயிரோடு நின்ற மரத்தை வெட்டி, கூடு இருந்த துண்டை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு துண்டுக்காக ஒரு மரம்! அந்த மரம் பூத்திருந்தால் எத்தனை கூட்டுக்குச் சோறு போட்டிருக்கும்? விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணே, இது பிரித்த கூடா, வெட்டிய கூடா?" கையிருப்புக் கூட்டைப் பிரித்துப் பெட்டியில் வளர்த்ததென்றால் வாங்குங்கள். காட்டு மரம் என்றால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள். பயிற்சி வேண்டுமென்றால் விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். கெலுலுட் வளர்ப்பு முறைகளை ஆராய்ந்து வரும் மார்டி என்னும் வேளாண் ஆய்வுக் கழகத்தின் கையேடுகளையும் தேடிப் படியுங்கள்.

கூட்டின் உள்ளமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன், இது தெரியாமல் கெட்டவர்கள் அதிகம். இந்தத் தேனீ அறுகோண அடையில் தேன் வைக்காது. மெழுகையும் மரப்பிசினையும் குழைத்துத் திராட்சை அளவில் சின்னச் சின்னக் குடங்கள் செய்யும். சில குடத்தில் தேன், சில குடத்தில் மகரந்தம். குஞ்சறைகள் தனியே கீழே இருக்கும். ஒவ்வொரு குஞ்சறையிலும் முதலில் கஞ்சிபோல உணவை ஊற்றுவார்கள் வேலைக்காரத் தேனீக்கள். ராணி வந்து அதன் மேல் ஒரு முட்டை இடும். உடனே அறையை மூடிவிடுவார்கள். முட்டை அந்தக் கஞ்சியின் மேல் மிதந்துகொண்டிருக்கும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். நீங்கள் கூட்டைக் காரின் பின்புறத்தில் சாய்த்துப் போட்டுக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? முட்டை உணவுக்குள் மூழ்கிச் சாகும். வெளியே பார்த்தால் கூடு நன்றாகத்தான் இருக்கும். பல வாரம் கழித்துப் புதிய தேனீ வராது; ஆள் குறையும்; ஏனென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பீர்கள். ஆகவே நிமிர்த்திக் கொண்டு வாருங்கள். இரவில், எல்லாத் தேனீயும் உள்ளே வந்தபின் வாயை வலையால் அடைத்துக் கொண்டு வாருங்கள். பழைய இடத்துக்கு மிக அருகில் வைத்தால் பழைய இடத்துக்கே பறந்து போய்த் திரியும் என்பதையும் மறக்காதீர்கள்.

கொண்டுவந்த கூட்டை எங்கே வைப்பது? காலை வெயில் படலாம். உச்சி வெயில் படக் கூடாது. வெயிலில் மெழுகுக் குடம் இளகித் தேன் கொட்டும். கொட்டிய தேனுக்கு எறும்பு வரும். இடுப்பளவு உயரத்தில் கால் போட்ட மேடை அமைத்து, கால்களில் கிரீஸ் தடவுங்கள். கூரை நீட்டமாக இருக்கட்டும். ஆண்டிறுதி மழையில் சாரல் உள்ளே போகக் கூடாது. பல்லியும் சிலந்தியும் வாசலிலேயே காத்திருந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கும். தினம் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடிய எதிரி ஒரு கறுப்பு ஈ. கருஞ்சிப்பாய் ஈ என்று சொல்வார்கள். சமையல் கழிவைத் தின்ன வைத்துத் தீவனமாக்குவதற்கென்றே இதைச் சிலர் வளர்க்கிறார்கள். அங்கே நண்பன், இங்கே பகைவன். கூட்டைத் திறந்தபோது தேன் சிந்தினாலோ, பெட்டியில் இடுக்கு விட்டிருந்தாலோ, அந்த வாசனைக்கு வந்து இடுக்கில் முட்டையிடும். புழுக்கள் உள்ளே போனால் சில நாட்களில் கூடு முழுவதும் நாற்றமடிக்கும் கூழாகிவிடும். எனவே அடிக்கடி திறக்காதீர்கள். திறந்தால் சிந்தியதைத் துடைத்து, இடுக்குகளை ஒட்டுநாடா போட்டு அடையுங்கள். ஆசைக்கு வளர்ப்பவரின் முதல் சோதனை இதுதான்: உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கத் துடிக்கும் கையை அடக்குவது. வாசலைப் பார்த்தாலே போதும். பிசின் குழாய் நீண்டு வளர்கிறதா? காவல் தேனீ நிற்கிறதா? கால்களில் மகரந்த உருண்டை வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மூடியைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

நம் தாமான்களுக்கென்று தனியான ஓர் ஆபத்தும் உண்டு. டெங்கிப் புகை. கொசுவுக்கு அடிக்கும் மருந்துக்குத் தேனீ எது, கொசு எது என்று தெரியாது. புகை அடிக்க வேண்டாம் என்று நாம் சொல்ல முடியுமா? பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது, சொல்லவும் கூடாது. ஆனால் எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். முந்தின இரவே வாயை அடைத்துக் கூட்டை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு, புகை நன்றாகக் கலைந்தபின் அதே இடத்தில், அதே திசை பார்த்து வைக்கலாம். அண்டை வீட்டுக்காரர் பூச்சிமருந்து தெளிப்பவரா? அவரிடம் போய்ப் பேசுங்கள். மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, வாசலில் போய் நின்று "நான் கெலுலுட் வளர்க்கிறேன், கொட்டாது, மருந்தடிக்கும் நாளை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு.

மறுபடியும் பூவுக்கு வருகிறேன். இந்தச் சிறிய தேனீ அதிக தூரம் போகாது. சில நூறு மீட்டர்தான் அதன் உலகம். அந்த உலகத்தை நீங்கள் நட்டு உண்டாக்க முடியும். கெலுலுட் வளர்ப்பவர்கள் எல்லோரும் வைக்கும் கொடி ஒன்று உண்டு: ஆயர் மாதா பெங்கந்தின். இளஞ்சிவப்புப் பூ, ஆண்டு முழுக்கப் பூக்கும், வேலியில் ஏற்றினால் தானே படரும். நம் வீடுகளில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? துளசி இருக்கிறது. கத்தரிக்கோல் வைக்காமல் பூக்க விடுங்கள். முருங்கை இருக்கிறது. கறிவேப்பிலை இருக்கிறது. தென்னை ஆண்டெல்லாம் பாளை விடும். பெலிம்பிங் மரம் ஒன்று இருந்தால் அது பூக்கும்போது தேனீயின் கொண்டாட்டத்தைப் பாருங்கள். பிசினுக்கு மா, பலா. சாலையோரத்து அக்காசியாவும் ரப்பரைப்போலவே இலைக்காம்பில் இனிப்பு சுரக்கும் மரம்தான்.

சுங்கை புலாய் முகத்துவாரத்துக்கு அருகில் வீடு இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே 9,126 ஹெக்டர் அலையாத்திக் காடு 2003ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலகம் காக்க வேண்டிய ஈரநிலம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட இடம். ஓராங் செலேத்தார் மக்கள் நமக்கெல்லாம் முன்னாலிருந்தே அந்த நீரில் வாழ்கிறார்கள். அங்கே அப்பி-அப்பி மரம் பூக்கும்போது தேனீக்குப் பெருவிருந்து. தமிழகத்துப் பிச்சாவரத்துக்குப் போய் வந்தவர்கள் அதன் தம்பி மரங்களைப் பார்த்திருப்பீர்கள். கரையோரம் நிரவப்பட்டு அந்தக் காடு ஒவ்வொரு துண்டாகக் குறையும்போது மீனவர் வலையில் மீன் குறைகிறது. நம் கூட்டில் தேன் குறைகிறது. ஒரு கூடு வைத்துப் பாருங்கள், காடு வெட்டும் செய்தி உங்கள் வீட்டுச் செய்தியாகிவிடும்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு தேன் கிடைக்கும்?

முதல் ஆண்டு எடுக்காதீர்கள். கூட்டின் மேல் வைத்த மேற்பெட்டி குடங்களால் நிறைந்து, மழைக்காலம் ஒன்றைக் கூடு தாண்டிய பிறகு, மேலே உள்ள தேன்குடங்களை மட்டும் குத்திச் சிறு பம்பால் உறிஞ்சி எடுங்கள். மகரந்தக் குடத்தைத் தொடாதீர்கள். பாதித் தேனாவது அவற்றுக்கே இருக்கட்டும். கிலோக் கணக்கை எதிர்பார்க்க வேண்டாம். சிறு பாட்டில் கணக்குதான். ஆனால் அந்தப் பாட்டிலில் இருப்பது சாதாரணப் பொருளல்ல. புளிப்பும் இனிப்புமாக இருக்கும். கெட்டுப்போனதென்று கொட்டிவிடாதீர்கள், அதன் இயல்பே புளிப்பு. 2020ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் தேனில் திரெஹலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை மிகுதியாக இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். சோதித்த தேன்களில் நம் மலேசிய இத்தாமாவும் தொராசிகாவும் இருந்தன. இரத்தத்தில் மெதுவாகச் சேரும் சர்க்கரை என்கிறார்கள். அதற்காக நீரிழிவுக்கு மருந்து என்று யாராவது விற்றால் நம்பிவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனையும், நாக்கில் தொட்டுக்கூட, வைக்காதீர்கள். சடங்குக்காக என்றாலும் வேண்டாம் அம்மா.

சாதாரணத் தேனில் நீர் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தரக்குறைவு. கெலுலுட் தேனுக்கு 2017ல் வந்த மலேசியத் தர அளவு 35 விழுக்காடு வரை அனுமதிக்கிறது. அவ்வளவு நீர் இருப்பதால் அறைச் சூட்டில் நொதிக்கும். இறுக மூடிய பாட்டில் வெடிக்கவும் கூடும். குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூடியை அவ்வப்போது தளர்த்தி விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அவையில் இருப்பவர்களில் பத்துப் பேராவது அடுத்த மாதத்திலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வாரம் ஒரு நாள் உங்கள் தெருவைச் சுற்றி நடந்து, எது பூத்தது, எது உதிர்ந்தது, எதில் பூச்சி மொய்த்தது என்று எழுதுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பெரியவர்கள் மரத்தின் பெயரைச் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். பத்து நோட்டும் ஓர் ஆண்டு முடிந்து ஒன்றாகச் சேர்ந்தால் கெலாங் பாத்தாவுக்கென்று ஒரு பூ நாட்காட்டி நம் கையில் இருக்கும். கூடு வாங்குவதைப் பற்றி அன்றைக்கு, இதே மண்டபத்தில், அந்த நாட்காட்டியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பேசுவோம். நோட்டுப் புத்தகங்களை வாசலில் அடுக்கி வைத்திருக்கிறோம், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.